மேளம் கட்டிய மாதங்களும் கணக்கில் உண்டு

கேள்வி: எனக்கு வயது 46. கணவர், பிளஸ் டூ படிக்கும் மகள், மாமனாரோடு திருச்சியில் இருக்கிறேன். ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. போன மார்கழியில் ஒரு நோட்டில் மூன்று தீர்மானங்கள் எழுதினேன். தினமும் ஒரு மணி நேரம் வீணை பழகி, சரஸ்வதி பூஜையன்று ஒரு கீர்த்தனையை முழுசாக வாசிப்பது. மகளிடம் கத்தாமல் இருப்பது. நடைப்பயிற்சி போய்ச் சர்க்கரையைக் குறைப்பது.

கல்யாணத்துக்குப் பிறகு 22 வருஷம் அம்மா வீட்டில் சும்மா கிடந்த வீணையைத் தை மாதம் கொண்டுவந்தேன். தந்திக்கு அடியில் இருக்கும் மெட்டுக் கம்பியெல்லாம் பிசகியிருந்தது, சரிசெய்து வாங்கவே பங்குனி ஆகிவிட்டது. வைகாசியில் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அதோடு என் வருஷமே போனது. கொழுந்தனார் பெங்களூரில் இருக்கிறார், போனில் விசாரிப்பதோடு சரி. மாமாவைத் தனியே விட முடியாததால் அவர் அறையிலேயே ஜன்னலோரம் வீணையை வைத்துக்கொண்டு சாயங்காலம் அரை மணி வாசிக்கிறேன். அவர் இடது கையால் கட்டில் சட்டத்தில் தாளம் போடுவார், தப்புத் தப்பாகத்தான். கீர்த்தனைக்கு எங்கே போவது? அதற்கு முன்னால் பழகும் மோகன ராக வர்ணத்தில், முன்பாதியின் முடிவான முக்தாயி ஸ்வரத்தோடு நிற்கிறேன். மகளிடம் கத்துவதும் நிற்கவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் கத்திவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல் நானே போய் ‘தப்பு என் மேலதான்’ என்று சொன்னேன். நடைப்பயிற்சி இரண்டு மாதத்தில் நின்றுபோனது. நோட்டை எடுத்துப் பார்த்தால் மூன்றுமே பூஜ்யம். அடுத்த வருஷத்துக்கு என்னதான் எழுதுவது?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதல் தடவை, ‘அதோடு என் வருஷமே போனது’ என்ற இடத்தில் மனசு கனத்துப்போனது. அடுத்த தடவை கட்டில் சட்டத்தில் கேட்ட தாளத்தில் நின்றுவிட்டேன். அதைப் பற்றி உங்களிடம் நிறையச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் வீணையைப் பேசிவிடுவோம்.

பங்குனி வரை ஆகிவிட்டது என்று அந்த மாதங்களைத் தாமதமாக எழுதியிருக்கிறீர்கள். வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் நேராக அடிக்கப்பட்டவை அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கரித்தூள் கலந்த மெழுகில் பதிந்து நிற்பவை. வெயில் பட்டால் மெழுகு இளகும். வருஷக்கணக்கில் தொடாமல் கிடந்தால் காய்ந்து வெடிக்கும். மெட்டுகளை மெழுகில் பதித்துச் சுருதிக்குப் பொருத்துவதைத்தான் மேளம் கட்டுவது என்கிறோம். மேளம் கட்டுகிறவர் பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, ஒவ்வொரு மெட்டாக மயிரிழை அளவு நகர்த்தி நிறுத்துகிறார். அது முடியும் வரை எந்த வித்வானாலும் அந்த வீணையில் முதல் பாடமான சரளி வரிசையைக்கூடச் சுத்தமாக வாசிக்க முடியாது. 22 வருஷத்துப் பிசகு இரண்டு மாதத்தில் சரியானது. அதைத் தாமதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் நடந்திருக்கும். உங்கள் இடது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் திருப்பிப் பாருங்கள். தந்தி பதிந்த கோடு இருக்கும். சிறு வயதில் விழுந்து, கல்யாணத்துக்கு அப்புறம் மெல்ல மெல்ல மறைந்துபோன கோடு அது. முதல் வாரங்களில் எரிந்திருக்கும், சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது சுரீர் என்றிருக்கும். இப்போது எரியாது. இதைப் பற்றி உங்கள் நோட்டில் ஒரு வரிகூட இருக்காது என்று நினைக்கிறேன்.

கீர்த்தனைத் தீர்மானத்தை நீங்கள் எழுதியது போன மார்கழியில். வீணை அப்போது அம்மா வீட்டில் இருந்தது. வீணையைத் தொட்டு 22 வருஷமான ஒருவர் போட்ட கணக்கு அது. கை எவ்வளவு மறந்திருக்கிறது, எவ்வளவு நினைவு வைத்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வழியில்லை. இன்று உங்களுக்குத் தெரியும். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்ற ஆரம்பப் பாடங்கள் எல்லாவற்றையும் திரும்ப ஒரு சுற்று வந்து வர்ணத்துக்குள் நுழைந்திருக்கிறீர்கள். வர்ணத்தில் பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் முடித்தால் முன்பாதி முடிந்தது. ஒரு மணி நேரம் அரை மணியாகச் சுருங்கி, வீட்டில் ஒருவர் படுக்கையில் கிடந்த வருஷத்தில் இதைச் செய்திருக்கிறீர்கள். எதுவும் தெரியாத நிலையில் எழுதிய ஒரு வரி, எல்லாம் தெரிந்த இன்றைய உங்களுக்குப் பூஜ்யம் போட எப்படி முடியும்?

என் அப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். வருஷக் கணக்கு முடிக்கும் வாரத்தில் வீட்டுக்கு வரவே ராத்திரி பத்து மணியாகும். ஒரு தடவை எனக்கு விளக்கிச் சொன்னார். 100 கிலோ பச்சை மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டால் 20, 25 கிலோதான் தேறும். மீதி எடை போனதை யாரும் நஷ்டத்தில் எழுத மாட்டார்கள், போனது தண்ணீர். ஆனால் கிடங்கில் நனைந்து பூஞ்சை பிடித்த மூட்டை நஷ்டம்தான், அதை நஷ்டம் என்றே எழுத வேண்டும். சரக்கை வாங்கிப் போய்ப் பணம் தராமல் இழுத்தடிப்பவர்களின் பாக்கி மூன்றாவது ரகம். அதற்குத் தனிப் பக்கம். நீங்கள் இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டிவிட்டீர்கள், சகோதரி. அதனால்தான் விடை பூஜ்யமாக வருகிறது.

கீர்த்தனை வர்ணமானது, ஒரு மணி அரை மணியானது எல்லாம் காய்ந்ததில் போன எடை. அதற்காக வருத்தப்படாதீர்கள்.

சர்க்கரை அப்படியில்லை. அது நனைந்த மூட்டை. மாமாவின் மாத்திரை, உணவு, பயிற்சி எல்லாவற்றையும் வேளை தவறாமல் பார்த்த நீங்கள் உங்கள் உடம்பை விட்டுவிட்டீர்கள். ‘குடும்பத்துக்காகத்தானே’ என்று சொல்லி இதை நான் மெழுகிவிட மாட்டேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை இருக்கிறதே, அதைப் பொங்கலுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, அலுவலகத்திலிருந்து வரும் வழியில் ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம். முடிவை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

அப்புறம் அந்த மூன்றாவது ரகம். உங்கள் கடிதத்தில் கணவர் ஒரே ஒரு இடத்தில், வீட்டில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லும்போது மட்டும்தான் வருகிறார். அவர் எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய அப்பாவைப் பற்றிய கடிதத்தில் அவர் செய்ததாக எழுத உங்களுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கொழுந்தனாரோ போனில் விசாரிப்பதோடு சரி. இது வர வேண்டிய பாக்கி. சும்மா இருந்தால் வராது, கேட்டு வாங்க வேண்டும். ‘நேரம் கிடைக்கும்போது வந்துட்டுப் போங்க’ என்று சொன்னால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. தேதி சொல்லிக் கேட்க வேண்டும். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு கொழுந்தனார் வந்து அப்பா பக்கத்தில் இருக்கட்டும். வர முடியாத மாதத்தில், பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைக்கிற செலவை ஏற்கட்டும். இதை நீங்கள் கேட்க வேண்டாம், உங்கள் கணவர் தன் தம்பியிடம் கேட்கட்டும். மருமகள் கேட்டால் புகாராகிவிடும், அண்ணன் கேட்டால் அது குடும்பப் பேச்சு. வாரத்தில் இரண்டு சாயங்காலம் கணவர் அந்த அறையில் இருந்தால் உங்கள் நடைப்பயிற்சியும் திரும்ப வரும். பொங்கலுக்கு எல்லாரும் கூடுவீர்கள் அல்லவா, பேச அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

இப்போது அந்தத் தாளம்.

‘தப்புத் தப்பாகத்தான்’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! பேசுவதற்கான பகுதி பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. உடம்பின் வலப்பக்கத்தை நடத்துவதும் அதே இடப்பக்கம்தான். அதனால்தான் வலது கை விழுகிறவர்களில் பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகிறது. பாட்டும் தாளமும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நம்பி இல்லை. ஒரு வாக்கியம் சொல்ல வராதவர்களில் சிலர், பழகின பாட்டின் வரியைச் சேர்ந்து பாடிவிடுவது மருத்துவர்கள் அறிந்த விஷயம். இதை வைத்தே 1970களில் ஒரு பேச்சுப் பயிற்சி முறை வந்தது. சின்னச் சின்னச் சொற்களை ராகம் போல இழுத்து, ஒவ்வோர் அசைக்கும் இடது கையால் தட்டிக்கொண்டே சொல்லப் பழக்குவார்கள். யோசித்துப் பாருங்கள், இடது கையால் தட்டுவது! யாரும் சொல்லித்தராமல் உங்கள் மாமாவே அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

இது எல்லாருக்கும் பலிப்பதில்லை. வீட்டில் நாமாகச் செய்து பார்த்துவிட்டு நம்பிக்கை இழக்கவும் கூடாது. அவருடைய மருத்துவரிடமோ பேச்சுப் பயிற்சி தருபவரிடமோ இந்தத் தாளத்தைப் பற்றிச் சொல்லுங்கள். முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவர்களுக்கு அது உதவும். நீங்கள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அது தப்பான தாளமாக மட்டுமே பட்டிருக்கிறது. அவர் முன்பு பாட்டுக் கேட்கிறவரா, இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்குப் பிடித்த பழைய பாட்டு எது என்று கணவரிடம் கேளுங்கள். அதை வர்ணத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் மெதுவாக வாசியுங்கள். அவர் எந்த வேகத்தில் தட்டுகிறாரோ அந்த வேகத்துக்கு நீங்கள் இறங்கிப் போங்கள்.

வீணை, குடும்பம், உடம்பு என்று நோட்டில் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வருஷத்தில் அவை தனித்தனியாக நடக்கவே இல்லை. மாமா படுக்காமல் இருந்தால் வீணை அந்த அறைக்கு வந்திருக்காது. வீணை இல்லாவிட்டால் அந்த அரை மணியில் அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்திருப்பார். நோட்டு எழுதும் பழக்கத்தை விட வேண்டாம், எழுதும் விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761இல் இறப்பதற்குச் சற்று முன்பு வரை நாட்குறிப்பு எழுதினார். துறைமுகத்துக்குக் கப்பல் வந்தது, எங்கே சண்டை நடந்தது, கவர்னரோடு என்ன பேச்சு, வீட்டில் என்ன விசேஷம் எல்லாமே அதில் தேதிவாரியாகக் கலந்து கிடக்கும். நீங்களும் தேதி போட்டு இரண்டு வரி எழுதுங்கள். ‘இன்று மாமா கஞ்சியைத் தானே இடது கையால் குடித்தார். அனுபல்லவியில் கமகம், ஸ்வரத்தின் அந்த அசைவு, சரியாக விழுந்தது.’ அவ்வளவு போதும்.

மகளைப் பற்றி நீளமாக எழுத எனக்கு எதுவும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அம்மா உங்களிடம் ஒரு தடவையாவது ‘தப்பு என் மேலதான்’ என்று சொல்லியிருக்கிறாரா? எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. கோபம் ஆறிவிட்டால் சாப்பிடக் கூப்பிடுவார்கள், அதுதான் மன்னிப்பு. 46 வயதில், பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் அறைக்கு நீங்களே போய் அதை வாய் திறந்து சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த நாள் மறக்காது. கத்துவது ஒரே வருஷத்தில் நிற்காது, பிளஸ் டூ இருக்கும் வீட்டில் நிச்சயம் நிற்காது. இப்போதைக்கு, கத்தினால் திரும்பிப் போய்ச் சொல்வது என்பதை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டீர்கள். புதிதாக எதுவும் எழுத வேண்டாம் என்பதே என் எண்ணம். மோகன வர்ணத்தில் சரணமும் அதன் ஸ்வரங்களும் பாக்கி இருக்கின்றன. ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கொழுந்தனாரோடு பேச வேண்டியது இருக்கிறது. பின்பாதி முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சித்திரையோ, ஆவணியோ, எப்போதானாலும் சரி, காத்திருப்பேன்.

வீணை இப்போது ஜன்னலோரம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மார்கழிக் குளிரில் பரவாயில்லை. மாசி பிறப்பதற்குள் அதை அறையின் உள்பக்கமாக, மாமாவின் கட்டிலை ஒட்டி நகர்த்திவிடுங்கள். திருச்சி வெயிலுக்கு அந்த மெழுகு தாங்காது.