ஆர்தர் அரசர் கதைகளில் வரும் மெர்லின், மந்திரவாதி ஆவதற்கு முன் காட்டில் திரிந்த பித்தனாமே, உண்மையா?

உண்மைதான். எனக்கு அந்தப் பித்தனைத்தான் பிடிக்கும்.

வேல்ஸ் நாட்டின் பழைய வெல்ஷ் மொழிப் பாடல்களில் அவன் பெயர் மிர்தின். 573-இல், இன்றைய இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையருகே ஆர்ஃப்தெரித் என்ற இடத்தில் நடந்த போரில் அவனுடைய தலைவன் க்வென்தொலாய் செத்துப்போகிறான். மிர்தினுக்குச் சித்தம் கலங்கி, காட்டுக்குள் ஓடிவிடுகிறான். அங்கே அவனுக்குப் பேச்சுத்துணை ஒரு ஆப்பிள் மரமும் ஒரு பன்றிக்குட்டியும். தொடை வரை பனி கிடக்கிறது, முடியில் பனிக்கட்டி தொங்குகிறது, சுற்றிலும் ஓநாய்கள். வரப்போகும் போர்களையெல்லாம் அந்தக் குட்டியிடம்தான் சொல்லித் தீர்க்கிறான். ஆர்தருக்கும் இவனுக்கும் அந்தப் பாட்டுகளில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1136 வாக்கில் மான்மத் ஊர் ஜெஃப்ரி என்ற எழுத்தாளர், தான் எழுதிய பிரிட்டன் அரசர்களின் வரலாற்றில் சேர்த்த பிறகுதான் மெர்லின் அரசர் கதைக்குள் வருகிறான்.

ஸ்காட்லாந்தில் இதே ஆளுக்குப் பெயர் லைலோகன். போர் நடக்கும்போதே வானம் பிளந்து, "இத்தனை சாவுக்கும் நீதான் காரணம்" என்று ஒரு குரல் அவனைக் குற்றம் சாட்டுகிறது. அந்தக் குரலுக்குப் பயந்துதான் காட்டுக்கு ஓடுகிறான். இவர்கள் சொல்லும் குறி மந்திரத்தால் வந்ததல்ல, கண்ணால் பார்த்த சாவிலிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

அயர்லாந்துக் குறுநில மன்னன் ஸ்வீனியின் கதை இன்னும் மனசைப் பிசையும். ரோனான் என்ற துறவியின் பைபிள் சங்கீதப் புத்தகத்தை ஏரியில் வீசியதால் சாபம் பெற்றவன். 637-இல் மாய் ராத் போர்க்களத்தின் இரைச்சலில் புத்தி பேதலித்து, பறவைபோல மரத்துக்கு மரம் தாவிப் போய்விடுகிறான். வருஷக்கணக்கில் ஓடையோரக் கீரைதான் சாப்பாடு. இவனும் மரத்தின் மேலிருந்து பாட்டாகப் பாடித் தள்ளுகிறான், தன் சாவு எப்படி வரும் என்பது உட்பட.

கடைசியில் மோலிங் என்ற துறவி அவனுக்கு இடம் கொடுக்கிறார். தினமும் சாயங்காலம் அவனுக்குப் பால் கொடுக்கச் சொல்லி மடத்துச் சமையல்காரியிடம் சொல்லிவைக்கிறார். அவள் மாட்டுச்சாணத்தில் குதிகாலை அழுத்திக் குழி பறித்து, அதில் பாலை ஊற்றி வைப்பாள். ஒரு காலத்து ராஜா மெல்ல வந்து, குப்புறப் படுத்து, அதைக் குடிப்பான். அவளுடைய புருஷன், பன்றி மேய்ப்பவன், தப்பாக நினைத்துக்கொண்டு, அப்படிக் குடித்துக்கொண்டிருந்தவனை ஈட்டியால் குத்திவிட்டான். மோலிங் குத்துப்பட்ட ஸ்வீனியைக் கைப்பிடித்து மாதாகோவில் வாசல்வரை கூட்டிப்போனார். அந்த வாசலில்தான் உயிர் போனது.