உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஆசியச் சேவை வணிகம்: கேள்வி பதில்

தொலைத்தொடர்பு, காப்பீடு, மருத்துவம் போன்ற சேவைகளை ஆசிய நாடுகள் அயல்நாட்டு முதலீட்டுக்குத் திறந்துவிட்டதில் எளியவர்களுக்கு என்ன கிடைத்தது? வாசகர்களின் கேள்விகளுக்கு, இத்துறையை நெடுங்காலம் கற்பித்துவரும் பேராசிரியை பதில் அளிக்கிறார்.

கல்லூரி மாணவி: அம்மா, அரிசியைக் கப்பலில் ஏற்றலாம். சேவையை எப்படி ஏற்றுமதி செய்வது?

நான்கு வழிகள் உண்டு, மகளே. 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்போடு நடைமுறைக்கு வந்த, சேவை வணிகத்துக்கான காட்ஸ் ஒப்பந்தம் அவற்றை வகுத்திருக்கிறது. மணிலாவில் உட்கார்ந்தபடி அமெரிக்க வாடிக்கையாளரின் அழைப்புக்குப் பதில் சொல்வது ஒன்று. நோயாளி பாங்காக் போய்ச் சிகிச்சை பெறுவது இன்னொன்று. அயல்நாட்டு வங்கி ஜகார்த்தாவில் கிளை திறப்பது மூன்றாவது. செவிலியர் ஒருவர் வேலைக்காகக் கடல் கடப்பது நான்காவது. ஏழைக் குடும்பத்துக்கு நேராகப் பணம் வந்து சேர்வது பெரும்பாலும் இந்த நான்காவது வழியில்தான். பணக்கார நாடுகள் இறுக்கிப் பூட்டி வைத்திருப்பதும் அதைத்தான்.

தொலைத்தொடர்பு ஊழியர்: லாபத்துக்காக வரும் நிறுவனம் கிராமத்துக்கு ஏன் போக வேண்டும்?

தானாகப் போகாது. உரிமம் கொடுக்கும் நாளிலேயே அதைக் கேட்டு வாங்க வேண்டும். பிலிப்பைன்ஸ் 1993இல் அப்படிச் செய்தது. ஒவ்வொரு செல்பேசி நிறுவனமும் 4 லட்சம் நிலவழித் தொலைபேசி இணைப்புகள் அமைக்க வேண்டும், நகரத்தில் பத்து கொடுத்தால் கிராமத்தில் ஒன்றாவது கொடுக்க வேண்டும் என்று அரசு விதித்தது. இணைப்புகள் பெருகின. ஆனால் அதற்குள் செல்பேசி முந்திக்கொண்டதால் பல இணைப்புகள் வாங்க ஆளின்றிக் கிடந்தன. எந்தக் கருவி என்பதை விட எத்தனை பேருக்குச் சேவை போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருந்தால் பணம் வீணாகியிருக்காது என்பது என் கருத்து.

எனக்கு மிகவும் பிடித்தது வங்கதேசத்துக் கதை. நார்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான டெலினாரின் முதலீட்டோடு 1997இல் கிராமின்போன் என்ற செல்பேசி நிறுவனம் தொடங்கியது. கிராமத்துப் பெண் ஒருத்தி, ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமின் வங்கியில் கடன் வாங்கி ஒரு செல்பேசி வாங்குவாள். அக்கம்பக்கத்தார் அவள் வீட்டு வாசலுக்கு வந்து, பேசிய நிமிடத்துக்குக் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். சந்தையில் என்ன விலை என்று விசாரிக்கிற விவசாயியும், வளைகுடாவில் இருக்கும் மகனின் குரலைக் கேட்க வந்த தாயும் அங்கே காத்திருந்தார்கள். அயல்நாட்டுப் பணம் வந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. அதைக் கிராமம் வரை கொண்டுபோக உள்ளூரில் ஓர் அமைப்பு ஏற்கெனவே இருந்தது.

செவிலியர்: ஜப்பானில் செவிலியர் பற்றாக்குறை என்கிறார்கள். ஆனால் போனவர்கள் பலர் திரும்பி வந்துவிட்டார்களே, ஏன்?

இதைக் கேட்டதற்கு நன்றி. இந்தோனேசியாவோடும் பிலிப்பைன்ஸோடும் ஜப்பான் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் 2008இல் நடைமுறைக்கு வந்தன. சென்றவர்கள் தம் நாட்டில் உரிமம் பெற்று, மருத்துவமனையில் வேலை பார்த்த அனுபவசாலிகள். அவர்கள் மூன்று ஆண்டுகளுக்குள் ஜப்பானின் தேசியத் தேர்வை ஜப்பானிய மொழியிலேயே எழுதித் தேற வேண்டும், இல்லையேல் நாடு திரும்ப வேண்டும். 2009இல் 82 பேர் எழுதினார்கள், ஒருவர்கூடத் தேறவில்லை. அடுத்த ஆண்டு 254 பேரில் மூவர் தேறினார்கள்.

படுக்கைப் புண்ணுக்கு அந்தத் தேர்வில் 'ஜொகுசோ' என்ற சொல் வரும். கடினமான இரண்டு சித்திர எழுத்துகள். எத்தனையோ நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்து, புண்ணைக் கழுவி மருந்திட்ட கைகள் அந்த இரண்டு எழுத்துகளில் தோற்றுப் போயின. பின்னர் எழுத்துகளின் மேல் ஒலிக்குறிப்பு அச்சிட்டார்கள், தேர்வு நேரத்தையும் கூட்டினார்கள். முதலிலேயே செய்திருக்கலாம் அல்லவா?

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானிலும் இதே நோய்தான். செவிலியர் தகுதியைப் பரஸ்பரம் ஏற்கும் உடன்பாடு 2006இல் கையெழுத்தானது. ஆனால் உரிமம் தரும் அதிகாரத்தை ஒவ்வொரு நாடும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.

மருத்துவ மாணவர்: மருத்துவச் சுற்றுலா ஏழை நோயாளியைப் பாதிக்குமா?

பாதிக்கும். தாய்லாந்தில் வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்கும் தனியார் மருத்துவமனைகள் தரும் சம்பளம், அரசு மருத்துவமனைகளிலிருந்து நிபுணர்களை இழுக்கிறது. அங்கே நிலைமை கைமீறாமல் இருப்பதற்கு, புதிய மருத்துவர்களுக்கான கட்டாய அரசுப் பணியும், 2002இல் வந்த அனைவருக்குமான மருத்துவத் திட்டமும் முக்கியக் காரணங்கள். அவை இல்லாத நாடு தாய்லாந்தைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது.

காப்பீட்டு முகவர்: இந்தியாவில் காப்பீட்டைத் திறந்தபோது, கிராமத்துக்கும் போக வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததா, அம்மா?

இருந்தது. 1999 சட்டம் அயல்நாட்டு முதலீட்டுக்கு 26 விழுக்காடு வரை இடம் கொடுத்தது. இது 2015இல் 49 ஆகவும் 2021இல் 74 ஆகவும் உயர்ந்தது. புதிதாக வந்த நிறுவனங்கள் தம் வணிகத்தில் ஆண்டுதோறும் கூடிச்செல்லும் ஒரு பங்கைக் கிராமங்களில் செய்தாக வேண்டும் என்ற விதி தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

அரசு ஊழியர்: ஒருமுறை திறந்துவிட்டால், பிறகு விதி போட உலக வர்த்தக அமைப்பு அனுமதிக்குமா?

பலருக்கு இந்தத் தவறான அச்சம் இருக்கிறது. ஒரு துறையைத் திறப்பதாக அந்த அமைப்பில் கொடுத்த வாக்குறுதியைத் திரும்பப் பெறுவதுதான் கடினம்: அது நடைமுறைக்கு வந்து மூன்று ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், பாதிக்கப்படும் நாடுகளுக்கு ஈடுசெய்யவும் வேண்டும். 2004இல் சேர்ந்த நேபாளமும் கம்போடியாவும் மிக அதிகமான துறைகளில் வாக்குறுதி கொடுத்த பிறகே உள்ளே போக முடிந்தது. ஏழை நாடுகளிடம் அப்படிக் கறாராக நடந்துகொண்டது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஏழைகளுக்கும் கிராமங்களுக்கும் சேவை போய்ச் சேர விதி போடுவதை யாரும் தடுக்கவில்லை. உலக வர்த்தக அமைப்பில் தொலைத்தொடர்புக்கான விதிகளைக் கூறும் 'குறிப்பு ஆவணம்', அனைவருக்கும் சேவை போய்ச் சேர எத்தகைய கடமையை விதிப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. அது வெளிப்படையாகவும், பாகுபாடு இல்லாமலும், போட்டியில் யார் பக்கமும் சாயாமலும், தேவைக்கு மீறிய சுமையாக இல்லாமலும் இருக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் யாராவது "ஒப்பந்தம் இடம் கொடுக்காது" என்றால், அந்தப் பத்தியை எடுத்து அவர் முன் வையுங்கள்.