மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம்: பள்ளியின் பாதுகாப்பு விதிகளில் எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சேர்க்கையின்போது தரும் விதிமுறைத் தாளில் சீருடை, ஷூ நிறம், கட்டணத் தேதி எல்லாம் விரிவாக இருக்கும். பாதுகாப்புக்கு நான்கு வரி இருந்தாலே அதிகம். அதனால் தலைமை ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். வீட்டு வாசலில் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை, எந்த நேரத்தில் குழந்தை எந்தப் பெரியவரின் பொறுப்பில் இருக்கிறாள்? ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் இடங்களில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது.

முதல் மாற்றம் காலையில். கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போவது மிகப் பரவலான பழக்கம். கேட் திறந்திருக்கிறதா, உள்ளே ஆசிரியரோ காவலாளியோ நிற்கிறாரா என்று பார்த்து, குழந்தை உள்ளே போன பிறகே கிளம்புங்கள். தாமதமானால் அலுவலகம் வரை கூட்டிப்போய் ஒப்படைக்க வேண்டும். மூடிய கேட்டின் முன் தனியாக நிற்கும் ஆறு வயதுக் குழந்தை யார் பொறுப்பிலும் இல்லை. விடுப்பு என்றால் வருகைப் பதிவு எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வராத குழந்தைகளின் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து அழைத்துக் கேட்கிறார்களா என்பது முக்கியமான கேள்வி. வீட்டில் கிளம்பிய குழந்தை பள்ளிக்கு வந்து சேரவில்லை என்பது பத்து மணிக்குத் தெரிவதற்கும் சாயங்காலம் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு போன்தான்.

சாயங்காலம் இன்னும் கவனம் தேவை. யார் யார் அழைத்துப் போகலாம் என்று மூன்று பேரின் பெயர், புகைப்படம், எண்ணை எழுதிக் கொடுங்கள். பட்டியலில் இல்லாதவர் வந்தால், அவர் சொந்தத் தாய்மாமாவாகவே இருந்தாலும், பள்ளி உங்களை அழைத்து உறுதி செய்யாமல் அனுப்பக் கூடாது. “எங்க வீட்டு ஆளையே நம்ப மாட்டீங்களா?” என்று ஆசிரியரிடம் சண்டை பிடிக்காதீர்கள். அவர் செய்வது சரி. அப்படி மடக்காத பள்ளியை நினைத்துத்தான் கவலைப்பட வேண்டும். பள்ளி அழைக்கும் எண்ணையும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டால் ஆசிரியர் திணறிப் போவார். பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களில், யார் அழைத்துப் போகக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலைக் கொடுத்துவிடுங்கள். வெறும் வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு அப்பாவையோ அம்மாவையோ பள்ளியால் தடுக்க முடியாது.

வேன், பஸ் விஷயத்துக்கு வருவோம். 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழ்நாட்டில் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசரக் கதவு, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, உதவியாளர் எல்லாம் அதன்படி இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் போக்குவரத்து, காவல், கல்வித் துறையினர் சேர்ந்து வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிப்பது இதற்காகத்தான். நீங்களும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். தளம் காலுக்கு உறுதியாக இருக்கிறதா, அவசரக் கதவு உண்மையிலேயே திறக்கிறதா, அதை மறைத்து சீட்டோ பைகளோ போட்டிருக்கிறார்களா?

வண்டிக்குள் இருப்பதைவிட இறங்கிய பிறகே ஆபத்து அதிகம். பஸ்ஸின் முன்பக்கத்தை ஒட்டி நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. பத்தடி தள்ளி நின்றால்தான் தெரிவாள். கையிலிருந்து ஏதாவது விழுந்தால் குனிந்து எடுக்கக் கூடாது, உதவியாளரிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே பழக்குங்கள். தண்ணீர் பாட்டில் உருண்டு போனதும் பின்னாலேயே ஓடுவது குழந்தையின் இயல்பு, அதனால் ஒருமுறை சொன்னால் போதாது. உதவியாளர் முதலில் இறங்கி நின்று, குழந்தையைச் சாலையைக் கடத்திவிட்டு, பெரியவர் கையில் ஒப்படைத்த பிறகே வண்டி நகர வேண்டும். கடைசி நிறுத்தம் முடிந்ததும் பின்சீட் வரை நடந்து, சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்க்கும் வழக்கம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தூங்கிவிட்ட குழந்தை பூட்டிய வண்டிக்குள் மாட்டிக்கொள்வது இந்த ஒரு நிமிட வேலையைத் தவறவிடுவதால்தான். டூவீலரில் கொண்டுபோய் விடுபவர்களுக்கு: நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். அவள் தலை அளவுக்கு வாங்குங்கள். உங்களுடையதை மாட்டிவிட்டால் அது கழன்றுதான் போகும்.

தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கூரைக் கீற்றுக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். ஓலைக் கூரை, குறுகலான படிக்கட்டு, நெரிசலான வகுப்பறைகள் எல்லாம் ஒரே கட்டடத்தில் கூடியிருந்தன. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. பள்ளிகளில் தீயணைப்பான் வைக்கவும் பணியாளருக்குப் பயிற்சி தரவும் 2009-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. தனியார் பள்ளி என்றால் கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்புத் துறை, சுகாதாரம் ஆகிய நான்கு சான்றுகளும் நடப்பில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அடுத்து, சுவரில் மாட்டிய தீயணைப்பானின் அருகே போய்ப் பாருங்கள்: முள் பச்சைப் பகுதியில் இருக்க வேண்டும், மறுநிரப்புத் தேதி தாண்டியிருக்கக் கூடாது, பூட்டிய அறைக்குள் இருக்கக் கூடாது. வகுப்பு நடக்கும் நேரத்தில் எந்தப் படிக்கட்டின் கதவுக்கும் பூட்டு தொங்கக் கூடாது.

தீ பிடித்தால் வெளியேறும் ஒத்திகைப் பயிற்சி எப்போது நடந்தது என்று மட்டும் கேட்டால் தேதி சொல்லிவிடுவார்கள். எப்படி நடந்தது என்று கேளுங்கள். மணி அடித்ததும் பைகளை விட்டுவிட்டு வரிசையாக வெளியேற வேண்டும். ஆசிரியர் கையில் வருகைப் பதிவேடு இருக்க வேண்டும். கழிப்பறையை ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். மைதானத்தில் பெயர் கூப்பிட்டு எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை இல்லையென்றால், உள்ளே யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று தீயணைப்பு வீரர் கேட்கும்போது பதில் சொல்ல யாராலும் முடியாது. அந்த மாதிரி நேரத்தில் பெற்றோர் உள்ளே பாய்ந்து தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் கணக்கு குலைந்துவிடும். கேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவதுதான் முறை.

வளாகத்தைச் சுற்றி வரும்போது கழிவுநீர்த் தொட்டி, சம்ப், கிணறு ஆகியவற்றின் மூடிகளைப் பாருங்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்கேஜி குழந்தை பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. துருப்பிடித்த இரும்புத் தகடு கண்ணுக்கு மூடியாகத் தெரியும், எடையைத் தாங்காது. கழிப்பறைத் தாழ்ப்பாளைச் சின்னக் கையால் உள்ளிருந்து திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் குழந்தை அங்கே போகப் பயந்து, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடும்.

இனி பெற்றோர் பக்கம். ஆசிரியர்கள் அதிகம் வருந்துவது காய்ச்சலோடு அனுப்பப்படும் குழந்தைகளைப் பார்த்துத்தான். காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்தால் நான்கு முதல் ஆறு மணி நேரம் சூடு தெரியாது, அது தீர்ந்ததும் மதியத்துக்குள் உடம்பு கொதிக்கும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் தொற்றியிருக்கும். மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம். வாந்தி, பேதி நின்று 48 மணி நேரம் ஆகட்டும். சின்னம்மைக்கு எல்லாக் கொப்புளங்களும் பக்குத் தட்ட வேண்டும். அம்மைக்கட்டு என்றால் வீக்கம் தொடங்கி ஐந்து நாள். தலையில் பேன் இருப்பதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இந்த விடுப்புகள் பெரிய சிரமம் என்பது உண்மை. அதனால்தான் காய்ச்சல் நாளில் பார்த்துக்கொள்ள யாரைக் கூப்பிடுவது என்பதை ஜூன் மாதமே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தைப் பையில் போட்டு அனுப்ப வேண்டாம். மருத்துவர் சீட்டின் நகல், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற குறிப்போடு ஆசிரியர் கையில் கொடுங்கள். வீசிங் உள்ள குழந்தைக்கு இன்ஹேலர் மட்டும் போதாது, அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயையும் சேர்த்துக் கொடுத்து எப்படி வைப்பது என்று காட்டிவிட்டு வாருங்கள். வலிப்பு உள்ள குழந்தை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாத இடத்தில்தான் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள், வாயில் கரண்டியை வைப்பார்கள். செய்ய வேண்டியது: பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, வாயில் எதுவும் வைக்காமல், நேரம் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

புத்தகப் பையைப் பற்றி ஒரு வார்த்தை: 2020-இல் வந்த தேசியப் பள்ளிப் பை கொள்கைப்படி முதல் இரண்டு வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோதான். அந்த வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமும் கிடையாது, சென்னை உயர் நீதிமன்றம் 2018-இலேயே இதைச் சொல்லிவிட்டது.

கடைசியாக, அடி. “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க” என்று ஆசிரியரிடம் ஒப்படைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. நீங்கள் சம்மதித்தாலும் அது குற்றம்தான். அதோடு, அடி வாங்கினால் வீட்டிலும் திட்டுதான் விழும் என்று நினைக்கும் குழந்தை, யாராவது தவறாகத் தொட்டதையும் வீட்டில் சொல்லாது.

அப்படி ஏதாவது சொன்னால், துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதி வைத்துவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ காவல் நிலையத்தையோ அழையுங்கள். “நாங்களே விசாரிக்கிறோம், வெளியே தெரிய வேண்டாம்” என்று பள்ளி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தெரிந்தவுடன் புகார் செய்வது அவர்களுடைய கடமை. தம் கீழ் வேலை செய்பவரைப் பற்றிய புகாரை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. மற்றக் குறைகளை முதலில் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், பிறகு தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான், நீங்களும் உறுப்பினராகலாம். அங்கேயும் நகரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அல்லது கல்வித் துறையின் 14417 எண்.