அந்த 135 ரூபாய் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 35. கோவையில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டுகிறார். சம்பளம் மாதம் 18,000 ரூபாய். இரண்டு மாதங்களுக்கு முன் மெஷினில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்கள் அடியோடு போய்விட்டன. தனியார் ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கட்டினார். இப்போது 50,000 ரூபாய் தருவதாகவும், இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று எழுதித் தரும்படியும் சொல்கிறார். கவனக்குறைவு என் கணவருடையதுதானாம். பணத்தை வாங்கி வட்டிக் கடனை அடைத்துவிடலாமா? சம்பளச் சீட்டில் மாதாமாதம் 135 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். அது எதற்கு?

பதில்: தயவுசெய்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கேள்விக்கு விடை அந்த 135 ரூபாயில்தான் இருக்கிறது. அது இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சந்தா, சம்பளத்தில் 0.75 சதவீதம். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய் கட்ட வேண்டும். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு. கவனக்குறைவு என்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை. விரல் போகும் இடத்தில் தடுப்பு வைப்பது சட்டப்படி நிர்வாகத்தின் கடமை. விரல்களை இழந்தவர் மீதே பழியைப் போடுவதைக் கேட்கும்போது மனம் கொதிக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ.யிலிருந்து கிடைக்கும். நாளொன்றுக்குச் சுமார் 540 ரூபாய் என்றால், 60 நாளுக்கு 32,400 ரூபாய். பெரிய தொகை இதற்குப் பிறகு வருவது. ஒரு கையில் இரண்டு விரல்களை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் இழப்பு என்கிறது சட்ட அட்டவணை. இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு அப்படியே முடிவு செய்தால் தினமும் 108 ரூபாய், மாதம் ஏறக்குறைய 3,240 ரூபாய், அவர் ஆயுள் முழுக்க வரும். நாளை வேறு வேலைக்குப் போனாலும் நிற்காது. முதலாளி தரும் 50,000 இதில் பதினாறு மாதத் தொகைகூட இல்லை. 35 வயதுக்காரர் அதற்காக ஆயுள் உரிமையை எழுதிக் கொடுக்கலாமா?

விபத்து அறிக்கையை முதலாளி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அனுப்பினாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் கணவரே எழுதிக் கொடுக்கலாம். சிகிச்சைச் சீட்டுகளோடு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் விடுப்புச் சான்று கேளுங்கள். மருத்துவக் குழு சதவீதத்தைக் குறைத்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். வட்டிக் கடனை நிலுவைத் தொகை வந்ததும் அடையுங்கள். அதுவரை நெருக்கடி என்றால் வங்கியில் நகைக் கடன் வாங்குவது மேல்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை இன்றே எடுத்துப் படியுங்கள். காயம் எங்கே ஏற்பட்டது என்ற இடத்தில் 'வீட்டில்' என்று எழுதியிருந்தால், முதல் வேலையாக அதைத் திருத்தி வாங்குங்கள்.