எல்லை நகர்ந்தது, பரோட்டா நகரவில்லை

கேள்வி: அண்ணாச்சி, உங்கள் இணைய இதழின் புதிய இதழ் வந்துவிட்டதாக நண்பர் ஒருவர் சொன்னார். பார்டரில் உட்கார்ந்துகொண்டு ஓர் இலக்கிய இதழ் நடத்துவதில் என்ன பயன்? சென்னையில் இருந்தாலாவது நாலு பேர் கவனிப்பார்கள். இந்த இதழில் என்னென்ன இருக்கிறது என்று சுருக்கமாக அறிமுகம் செய்யுங்களேன்.
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: தம்பி, தென்காசிக்காரர் ஒருவர் ‘பார்டர்’ என்று எழுதினால் அவர் மனதில் ஓடுவது இலக்கியம் அல்ல, பரோட்டா. மறைக்காதீர்கள். உங்கள் ஊரில் செங்கோட்டை பஸ் ஏறி ‘பார்டர் ஒன்று’ என்றால் நடத்துநர் எந்த மாநிலத்து பார்டர் என்று கேட்பதில்லை. பிரானூருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். இறங்கினால் சோதனைச் சாவடி கிடையாது, ‘நன்றி, மீண்டும் வருக’ பலகை கிடையாது. கல்லில் கொத்தும் சத்தமும் கோழி வறுபடும் வாசனையும்தான் வரவேற்கும். கேரளம் வேண்டுமென்றால் அங்கிருந்து செங்கோட்டையைத் தாண்டி, புளியரையைத் தாண்டி, வளைந்து வளைந்து மலையேறிக் கோட்டைவாசலுக்குப் போகவேண்டும்.

1956 அக்டோபர் 31 வரை பார்டர் பிரானூரில்தான் இருந்தது. இந்தப் பக்கம் சென்னை மாநிலம், அந்தப் பக்கம் செங்கோட்டையும் சேர்த்துத் திருவிதாங்கூர்-கொச்சி. மறுநாள் நவம்பர் 1, மொழிவாரி மாநிலம். செங்கோட்டை இங்கே வந்தது. ஆரியங்காவு அங்கேயே நின்றுவிட்டது. தமிழ்நாடு கேட்டும் கிடைக்காமல் போன தேவிகுளம், பீர்மேடு கதையை நான் ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது, விடுங்கள். ஒரே இரவில் எல்லைக்கோட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போன அரசுகள் பெயரை மட்டும் எடுத்துப்போக மறந்துவிட்டன. இன்றைக்கு அந்தப் பெயரால் பிழைப்பது கோழிக்கடைகள். சென்னையில்கூட ‘பார்டர்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். எதற்கும் எதற்கும் நடுவிலுள்ள பார்டர் என்று கேட்டுப் பாருங்கள், கல்லாவில் இருப்பவர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து ஒரு நாவலாசிரியர் வந்தார். எல்லைப்புற மக்களின் வாழ்க்கையை எழுதப்போவதாகச் சொன்னார். கையில் நோட்டு, தோளில் கேமரா. பிரானூரில் இறக்கி, இதுதான் பார்டர் என்றேன். பொய் இல்லையே. நெடுநேரம் சாலையையே உற்றுப் பார்த்துவிட்டு, கோடு எங்கே என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டுத் தேடலாம் என்றேன். பரோட்டா, மிளகு போட்ட நாட்டுக்கோழி, மறுபடி பரோட்டா, ஒரு முட்டை, மிச்சமிருந்த சால்னாவை வீணாக்கக்கூடாது என்று இன்னொரு பரோட்டா. மாலையில் கோட்டைவாசல் வரை போய்வரலாமா என்று கேட்டேன். அறைக்குப் போகலாம் என்றார். மறுநாள் குற்றாலத்தில் குளித்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். நாவல் வந்தது. அதில் ‘எல்லையின் வலி’ என்று நீண்ட அத்தியாயம் ஒன்று. நள்ளிரவில் கதாநாயகன் புரண்டு புரண்டு படுக்கிறான், நெஞ்சுக்குள் ஏதோ எரிகிறது, தன்னை இரண்டாகப் பிளந்த கோடு உள்ளே மெல்ல நகர்வதை உணர்கிறான். விமர்சகர்கள் அதை அடையாளச் சிக்கல் என்று எழுதினார்கள். நான் கூடவே இருந்தவன். அது சால்னா.

சரி, பயன் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் எங்கே வந்தது தெரியுமா? கொல்லத்தில். 1578 அக்டோபர் 20. போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’, மொத்தம் 16 பக்கம். இன்றைய ஆட்கள் அதைத் துண்டறிக்கை என்று ஒதுக்கியிருப்பார்கள். ஆங்கிலேயர் கடற்கரையில் இடம் வாங்கிச் சென்னைக்குப் பிள்ளையார் சுழி போட்டது 1639இல். தமிழ் அச்சேறி 61 ஆண்டு ஆனபிறகுதான், நாலு பேர் கவனிப்பார்கள் என்று நீங்கள் சொல்கிற ஊரே பிறந்தது. அந்தக் கொல்லத்துக்குச் செங்கோட்டையிலிருந்து ரயில் போகிறது. 1904இல் போட்ட மலைப்பாதை. அகலப்பாதையாக்குகிறோம் என்று 2010இல் மூடி, முழுதாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் வந்ததும் பெட்டியில் இருப்பவர்கள் எல்லோரும் கைபேசியோடு ஒரே பக்க ஜன்னலுக்கு ஓடுகிறார்கள். ஒருவர் கையிலாவது புத்தகம் இருக்கிறதா என்று நான் பார்ப்பது வழக்கம். அதைப் பேசினால் வேறு பக்கம் போய்விடுவேன்.

கொல்லத்துப் புத்தகத்தில் நான் மதிக்கும் சங்கதி, அது போர்த்துக்கீசியத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வந்தது என்பது. நடுவில் தரகர் இல்லை. இன்றைக்கோ கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம் எழுதப்படும் கதை இந்தப் பக்கம் இறங்குவதற்கு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது. வழி தெரியாத ஊரா இது? மலையாள எழுத்தாளர் தகழியைச் சுந்தர ராமசாமி நேராகக் கொண்டுவந்தார், பஷீரைக் குளச்சல் யூசுஃப் நேராகக் கொண்டுவந்தார். அப்படியிருந்தும் என் மேசைக்கு வருவதைப் பாருங்கள். அண்மையில் ஒரு மொழிபெயர்ப்புக் கதை. மருமக்கள்வழிக் குடும்பம், தாய்மாமன் சொத்து மருமகனுக்குப் போகவேண்டும், அந்த இருவரின் பகைதான் கதை. ஆங்கிலத்தில் இறங்கி ஏறியதில் தாய்மாமன் சித்தப்பா ஆகிவிட்டார். சித்தப்பாவின் சொத்துக்காக இந்தப் பையன் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. மொழிபெயர்த்தவருக்கும் விளங்கியிருக்காது போல, ‘அக்காலக் குடும்பச் சிக்கல்’ என்று ஓர் அடிக்குறிப்பைப் போட்டுத் தப்பித்துக்கொண்டார். மருமக்கள்வழியைக் கிண்டல் செய்து கவிமணி ஒரு மான்மியமே பாடிவைத்த மொழிக்கு இந்தக் கதி.

ஆகவே இந்த இதழில் வரும் இரண்டு மலையாளக் கதைகளும் நேரடி மொழிபெயர்ப்புகள். செய்தவர் புனலூரில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழர். காலையில் மலையாளத்தில் விலை சொல்லி, மாலையில் தமிழில் கடன் கேட்கிறவர். அவரை இதுவரை யாரும் எழுத்தாளர் என்று அழைத்ததில்லை. ஆசிரியர் அறிமுகம் போட இரண்டு வரி எழுதி அனுப்புங்கள் என்றேன். கடை திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் அனுப்பியிருந்தார். அப்படியே போட்டிருக்கிறேன்.

புளியரை சோதனைச் சாவடியில் ஓணத்துக்கு முந்தின இரவு காய்கறி லாரிகள் வரிசையில் நிற்பதைப் பற்றி ஒரு சிறுகதை இருக்கிறது. முடிவு கொஞ்சம் சினிமாத்தனம். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை ஏற்றும் பகுதிக்காக எடுத்துக்கொண்டேன். கவிதைகள் மூன்றே மூன்று. வந்தவை எத்தனை என்று கேட்காதீர்கள். மூட்டையாக அனுப்பிவிட்டு ‘பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும்’ என்று எழுதும் கவிஞர்களுக்கு ஒரு வார்த்தை: தேர்ந்தெடுப்பது உங்கள் வேலையும்கூட.

இதழின் உயிர், மூணாறுத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண்மணியின் நீண்ட கட்டுரை. 2015 செப்டம்பரில் அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டேயே சேர்க்கவில்லை. ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பெயர் அப்போது நாடெங்கும் அடிபட்டது. நாளிதழ்கள் சதவீதக் கணக்கோடு நிறுத்திக்கொண்டன. இவர் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குள் போகிறார். அந்த நாட்களில் யார் உலை வைத்தார்கள், கைக்குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள், இரவு வீடு திரும்பிய அம்மாவிடம் அப்பா என்ன கேட்டார், என்ன கேட்காமல் விட்டார். தன் அம்மாவைத் தியாகி ஆக்காமல் எழுதியிருக்கிறார். பாதியாகக் குறைக்கலாம் என்றார் துணையாசிரியர். இணையத்தில் என்ன தாள் பஞ்சமா? ஒரு வரியையும் தொடவில்லை.

தாள் என்றதும் என் பழைய நண்பர், அச்சிதழ்க்காரர், குறுக்கே வந்துவிடுவார். தாளில் வராதது இதழே இல்லை என்பது அவர் சித்தாந்தம். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக் கண்கலங்குவார். செல்லப்பா எனக்கும் பெரியவர்தான். ஆனால் அவர் சுமந்தது வாசகன் இருக்கும் இடத்துக்கு எழுத்து போய்ச் சேரவேண்டும் என்பதற்காக. தோள் வலிக்கவேண்டும் என்பது அவர் நோக்கம் இல்லை. நண்பரின் இதழோ பாதிக்குமேல் அவர் வீட்டுப் பரணிலேயே குடியிருக்கிறது. பரணில் கிடப்பது இதழாம். மூணாறிலும் மஸ்கட்டிலும் ஒரே காலையில் படிக்கப்படுவது இதழ் இல்லையாம்.

இந்த முறை வெளிவரத் தாமதமானதற்குக் காரணம் சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று நுழைந்துவிட்டால் புளியரையில் முதலில் போவது மின்சாரம். கைபேசியை நம்பி மாடிக்குப் போனால் அது மலையாள கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, என் சொந்த வீட்டு மாடியில் என்னைக் கேரளத்துக்கு வரவேற்கிறது.

கடைசியாக, ஆசிரியர் குறிப்பு எங்கே என்று தேடாதீர்கள், நிறுத்திவிட்டேன். அதை மட்டும் படித்துவிட்டு இதழையே படித்ததுபோல் கூட்டங்களில் பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இதழ் வந்த செய்தியை உங்களிடம் சொன்னவர், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை பாருங்கள். அவர் மேலும் எனக்குச் சந்தேகம்தான். நீங்கள் கேட்ட சுருக்கமான அறிமுகத்தை அதே காரணத்துக்காகத் தருவதற்கில்லை. சந்தா கிடையாது, கட்டணம் கிடையாது. மூணாறுக் கட்டுரையில் தொடங்குங்கள். பிடிக்காவிட்டால் எனக்கே திட்டி எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.