ஓடும்போது மட்டும் காணாமல் போகும் முழங்கால் வலி

கேள்வி: எனக்கு 44 வயது. சில மாதங்களாகக் காலையில் ஒரு குழுவோடு சேர்ந்து ஓடுகிறேன். வலது முழங்காலில் வலி உண்டு. முதல் பத்து நிமிடம் வலிக்கும், அப்புறம் போன இடம் தெரியாது, மதியம் வரை மனசும் லேசாக இருக்கும். சாயந்திரம் வலி திரும்ப வந்துவிடுகிறது. மழையால் ஓட முடியாத நாளில் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன். “அது எண்டார்ஃபின், வலிக்கு அதுவே மருந்து, விடாமல் ஓடுங்கள்” என்கிறார் குழுவில் ஒருவர். “இதுவும் ஒரு போதைதான்” என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?
– கோவை வாசகி

பதில்: இரண்டு பேருமே பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள், சகோதரி.

முதலில் முழங்கால். எண்டார்ஃபின் என்ற, வலியை அடக்கும் சரக்கை உடம்பே தயாரிக்கிறது என்பது உண்மைதான். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து, மார்ஃபின் என்ற போதை தரும் வலி மருந்தைப் போலவே வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள்; எண்டார்ஃபின் குடும்பத்தில் முதலில் பிடிபட்டது அதுதான். இந்தக் குடும்பம், முழங்காலிலிருந்து கிளம்பும் வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மடக்கி, மூளைக்குப் போய்ச் சேரும் அளவைக் குறைத்துவிடுகிறது. மடக்குவது செய்தியை மட்டும்தான். மூட்டில் தேய்மானமோ வீக்கமோ இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும், நீங்கள் அதன்மேல் ஓடிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வலி அடங்குவதற்கு எண்டார்ஃபின் மட்டும்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. விறைத்துக் கிடக்கிற மூட்டு கொஞ்ச நேரம் அசைந்தாலே இளகிவிடும்.

அதனால் ஓடும்போது வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சாயந்திரம் மாடிப்படி இறங்கும்போது கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறதா, மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்து வைக்கிற முதல் நாலு அடி எப்படி இருக்கிறது, இதைப் பாருங்கள். முந்தின நாளைவிட மோசமாக இருந்தால் நேற்று ஓடிய தூரம் அதிகம், அவ்வளவுதான். தூரத்தைக் குறைத்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தொடைத் தசைக்கு வலு கொடுக்கிற பயிற்சி செய்யுங்கள். ஓடுவதற்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து அது வேண்டாம். வியர்த்து நீர் வற்றுகிற நேரத்தில் அந்த வகை மாத்திரைகள் சில சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும்.

மனசு லேசாவது கொஞ்சம் சிக்கலான விஷயம். 2008-இல் ஜெர்மனியில், பழக்கப்பட்ட ஓட்டக்காரர்கள் 10 பேரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, மூளைக்குள்ளேயே இந்தச் சரக்கு சுரப்பதற்கான தடயம் தெரிந்தது. சரி, விஷயம் முடிந்தது என்று பார்த்தால், 2021-இல் அதே நாட்டில் இன்னொரு குழு, எண்டார்ஃபின் வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு ஓடச்சொன்னது. அப்போதும் ஓடியவர்களுக்கு அந்த ஆனந்தம் வரத்தான் செய்தது. உடம்பே தயாரிக்கும் கஞ்சா வகைப் பொருட்கள் சில உண்டு, அவற்றுக்கும் இதில் பெரிய பங்கு இருக்கலாம் என்பதுதான் இப்போது பலருடைய எண்ணம். ஆகவே ‘எல்லாம் எண்டார்ஃபின்’ என்று அந்த நண்பர் அடித்துச் சொல்வதை நான் அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று, நீங்கள் குழுவாக ஓடுகிறீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு படகு வீரர்களை வைத்து நடந்த ஒரு சோதனையில், தனியாகத் துடுப்புப் போட்ட நாளைவிட, அதே அளவு உழைப்பைச் சேர்ந்து போட்ட நாளில் அவர்களுடைய வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது; எண்டார்ஃபின் கூடியதற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொண்டார்கள். மழை நாளில் உங்களுக்கு இல்லாமல் போவது ஓட்டம் மட்டும்தானா, அந்த அரட்டையும் சேர்த்தா? அன்றைக்கு யார் வீட்டு ஹாலிலாவது நாலு பேர் சேர்ந்து உடற்பயிற்சி செய்து பாருங்கள்.

வீட்டுக்காரர் சொல்லும் போதைக்கு வருவோம். எண்டார்ஃபின் போய் ஒட்டுகிற இடமும் மார்ஃபின் ஒட்டுகிற இடமும் ஒன்றுதான், ஆனால் உடம்பு தான் சுரந்ததைத் தானே சீக்கிரம் உடைத்தும் விடுகிறது. ஒரு நாள் ஓடாவிட்டால் எரிச்சல் வருவதைப் போதை என்று நான் சொல்ல மாட்டேன். முழங்கால் வீங்கியிருக்கும்போது அதை வீட்டில் மறைத்துவிட்டு ஓடப் போனீர்கள் என்றால், அப்போது அவர் கட்சியில் சேர்ந்துகொள்வேன்.

வீக்கம் இருந்தாலோ, மூட்டு பிடித்துக்கொண்டாலோ, கால் திடீரென்று மடங்கினாலோ, ராத்திரி தூக்கத்தில் வலித்தாலோ எலும்பு டாக்டரைப் பாருங்கள். “ஓடும்போது வலியே இல்லை டாக்டர்” என்று மட்டும் சொல்லி அவரைத் திசைதிருப்பிவிடாமல், சாயந்திரம் படி இறங்குகிற கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.