பாய்மரப் படகில் மழைநீரை நம்பிப் பயணம் செய்யலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள லுமுட்டிலிருந்து லங்காவி வழியாகத் தாய்லாந்து வரை சிறிய பாய்மரப் படகில் இருவராகச் செல்லவிருக்கிறீர்கள். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் வாங்காமல் மழைநீரைப் பிடித்தே சமாளிக்கலாமா, அதைக் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்கலாம், குடிக்கவும் செய்யலாம். ஆனால் எந்த மாதத்தில் புறப்படுகிறீர்கள், பெய்கின்ற மழையில் எந்தப் பகுதியைப் பிடிக்கிறீர்கள் என்ற இரண்டையும் பொறுத்தே அது கைகொடுக்கும். நான் ஆயர் தாவாரில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கென்வாஸ் தைக்கும் கடை வைத்திருப்பவன். லாரிகளுக்குப் படுதா தைப்பதே முதன்மைத் தொழில் என்றாலும், லுமுட் பக்கம் நிற்கும் பாய்மரப் படகுகளுக்கு வெயில் மறைப்பும் மழைநீர் விரிப்பும் தைத்துத் தருவதால், இதைப் பற்றி ஓரளவு விரிவாகவே சொல்ல முடியும்.

அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் என்பதே கணக்கு. மூன்று மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள விரிப்பில் பத்து மில்லிமீட்டர் மழை விழுந்தால் 75 லிட்டர். காற்றில் சிதறுவதையும் ஓரத்தில் வழிவதையும் கழித்தாலும் ஐம்பது லிட்டர் தேறும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாள்தோறும் நான்கைந்து லிட்டர் என்று வைத்தால், அது இருவருக்கு ஐந்தாறு நாளுக்குப் போதும். 1942 நவம்பரில் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியபின் தென் அட்லாண்டிக் கடலில் ஒரு மிதவையில் 133 நாள் தனியாக உயிர் பிழைத்திருந்த ஹைனான் மாலுமி பூன் லிம், உயிர்காப்பு அங்கியின் கென்வாஸ் உறையைக் கொண்டுதான் மழைநீர் பிடித்தார். துணி சிறிதாக இருப்பதால் யாரும் தவித்துப் போவதில்லை; பிடித்த தண்ணீர் உப்பாகவோ அழுக்காகவோ இருப்பதால்தான் தவிக்கிறார்கள்.

மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் பின்னிரவிலோ விடியலுக்கு முன்போ, மேற்கிலிருந்து சுமத்ரா என்று நாம் சொல்லும் புயல்மழை வரிசையாக வந்து மோதும். அதன் முன்விளிம்பில் 40 நாட் (மணிக்கு ஏறத்தாழ 74 கிலோமீட்டர்) வரைகூடக் காற்று வீசும். மழையும் அப்போதுதான் கொட்டும். அந்த நேரத்தில் விரிப்பைக் கட்டி வைத்திருந்தால் துணி கிழியும், இல்லையேல் அதைத் தாங்கும் எஃகுச் சட்டம் வளையும், அதுவும் இல்லையேல் படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகரும். ஆகவே முதல் பாதியைப் படகைக் கழுவும் மழையாக விட்டுவிடுங்கள். காற்றுமுகம் கடந்து சென்றபின், அதன் வாலாகச் சீரான மிதமான மழை பல வேளைகளில் ஒரு மணி நேரமாவது நீடிக்கும். பிடிக்க வேண்டியது அந்த மழையைத்தான். அதற்குள் பாய்களிலும் கயிறுகளிலும் படிந்திருந்த உப்பும், பறவை எச்சமும், புகைக்கரியும் பெருமளவு போயிருக்கும். 2015, 2019 போன்ற புகைமூட்ட ஆண்டுகளில் முதல் மழை விரிப்பிலிருந்து சாம்பல் நிறத்தில் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட காலத்தில் இன்னும் சற்று நேரம் ஓட விட்டு, ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பார்த்து, நாக்கில் ஒரு துளி வைத்து உப்பு இல்லை என்று தெரிந்த பிறகே தொட்டிக்குள் விட வேண்டும். தோட்டத்து லயங்களில் தகரக் கூரையின் கீழே தோங் என்னும் பீப்பாய் வைத்துத் தண்ணீர் பிடித்த எங்கள் தாய்மார்கள், மழை தொடங்கியவுடன் தோங்கை நகர்த்தி வைத்துவிட்டுக் கூரை கழுவப்பட்ட பிறகே மீண்டும் இழுத்து வைப்பார்கள். படகிலும் அதே ஒழுங்குதான்.

விரிப்பைத் தைப்பதைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியாது. பலர் வெயில் மறைப்பையே மழை விரிப்பாகவும் பயன்படுத்த நினைத்து, சன்பிரெல்லா போன்ற அக்ரிலிக் துணியைக் கொடுத்து நடுவில் ஓர் ஓட்டை போட்டுத் தருமாறு கேட்கிறார்கள். அந்தத் துணி வெயிலுக்கு மிகச் சிறந்தது. ஆனால் தண்ணீரை ஒட்டவிடாமல் தடுக்கும் அதன் மேற்பூச்சு நாளடைவில் தேய்ந்துவிடும், தண்ணீர் தேங்கி நின்றால் கீழே கசியவும் தொடங்கும். குடிநீருக்கென்று தனியாக, இலேசான, வெளிர் நிறமுள்ள, நீர் புகாத பூச்சுத் துணியில் ஒரு விரிப்பை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்திட்ட பழைய பருத்திக் கென்வாஸைக் குடிநீருக்குத் தொடவே கூடாது. விரிப்பின் நடுவாட்டில் தையல் வரக் கூடாது, ஏனெனில் தண்ணீர் சேரும் பள்ளத்தில் ஒவ்வோர் ஊசித் துளையும் ஒரு கசிவு; இரண்டு அகலத் துணிகளை இணைக்கத்தான் வேண்டுமென்றால் தையல் மேட்டுப் பக்கம் இருக்கட்டும். தாழ்வான இடத்தில் மூன்று அடுக்குத் துணி வைத்து உறுதிப்படுத்தி, அதில் பிளாஸ்டிக் வடிகுழாய் வாயைப் பொருத்தி, 25 மில்லிமீட்டர் அளவுள்ள ஹோஸை மாட்டுங்கள். கனமழையில் மெல்லிய ஹோஸ் ஈடுகொடுக்காமல் தண்ணீர் விரிப்பிலேயே தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தேங்கினால் அது ஐம்பது கிலோ எடை என்பதை நினைவில் வையுங்கள். ஹோஸும் குடிநீருக்கு உகந்த வகையாக இருக்க வேண்டும்; தோட்டத்துக்குப் பாய்ச்சும் பச்சை ஹோஸ், வெயிலில் சூடேறினால், தண்ணீருக்கு ரப்பர் வாடையைக் கொடுத்துவிடும்.

படகின் தளத்திலேயே தண்ணீர் பிடிப்பவர்களும் உண்டு. தளத்தின் ஓரமேடு தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். தொட்டிக்கான மூடியைத் திறந்து, தண்ணீர் ஓடிப் போகும் பக்கத்தில் ஒரு துண்டைச் சுருட்டி அணைபோல் வைத்தால், விரிப்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தொட்டி நிறையும். ஆனால் நாம் செருப்போடு நடக்கும் இடம், டீசல் சொட்டும் இடம், மீன் கழுவும் இடம் அதுவே என்பதால், அந்தத் தண்ணீரைக் குளிக்கவும் துணி துவைக்கவும் மட்டுமே நான் பரிந்துரைப்பேன். மழைநீரில் சுண்ணாம்புச் சத்து இல்லாததால் சோப்பு நன்றாக நுரைக்கும். டீசல் மூடியும் தண்ணீர் மூடியும் பல படகுகளில் ஒரே மாதிரி இருக்கும். இருட்டில் தவறானதைத் திறக்காமலிருக்க வண்ண நாடா ஒட்டி வைப்பது அவசியம். பாய் ஏற்றி ஓடும்போது தளத்தில் அலை தெறிப்பதால் அங்கே பிடிக்க முடியாது. அப்போது பெரிய பாயின் அடியிலுள்ள பூம் எனப்படும் கிடைக்கழியின் பின்முனையைச் சற்று உயர்த்தினால், பாயில் வழியும் மழை பாய்மரத்தின் பக்கம் ஓடி வரும். அங்கே ஒரு வாளியைக் கட்டித் தொங்கவிடலாம்.

குடிப்பதைப் பொறுத்தவரை, மழை தூயதாகவே விழுந்தாலும் விரிப்பைத் தொட்டபின் அது தூயதல்ல. தொட்டிக்குள் போகும் முன் நெருக்கமாக நெய்த துணியிலோ வடிகட்டியிலோ வடிகட்டுங்கள். பிறகு ஐந்து ஆறு விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள, மணமோ சோப்போ சேர்க்காத துணிவெளுப்பானை லிட்டருக்கு இரண்டு துளி, அதாவது 200 லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். கடைகளில் எளிதில் கிடைப்பவற்றில் பல எலுமிச்சை மணமூட்டியவை, அவற்றை வாங்கிவிடாதீர்கள். எரிவாயு தாராளமாக இருந்தால் நன்கு கொதிக்கவைத்துக் குடிப்பது இன்னும் எளிது. புதிதாகப் பிடித்ததை உடனே பெரிய தொட்டியில் ஊற்றாமல் இருபது லிட்டர் கேன்களில் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றினால், ஒரு மழை கெட்டாலும் இருப்பு முழுவதும் கெடாது. பின்னாளில் நன்னீராக்கும் இயந்திரம் வாங்கினால், குளோரின் கலந்த தண்ணீரை நேராக அதற்குள் விட்டுக் கழுவாதீர்கள்; குளோரின் அதன் சவ்வை அழித்துவிடும் என்பதால் கரி வடிகட்டி வழியாகவே விட வேண்டும்.

படகைக் கரையில் விட்டு ஊருக்குப் போகும்போது விரிப்பைக் கழற்றிச் சுருட்டி வையுங்கள். தொங்கும் துணியில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றமும்கூட.

இனி மாதங்களுக்கு வருகிறேன். தைப்பிங்கில் ஆண்டெல்லாம் மழை கொட்டுவதைப் பார்த்துப் பழகிய பேராக்காரர்களுக்கு எங்கும் அப்படித்தான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. லங்காவியிலும் அதற்கு வடக்கே புக்கெட் பக்கமும் டிசம்பர் முதல் மார்ச் வரை வறண்ட காலம். காற்று வடகிழக்கிலிருந்து இதமாக வீசுவதால் படகோட்டிகள் விரும்பிச் செல்வதும் அப்போதுதான். பயணத்துக்கு நல்ல மாதங்கள் தண்ணீருக்குப் பொய்த்த மாதங்கள் என்பதால், அக்காலத்தில் புறப்படுவீர்கள் என்றால் மழைநீரை மட்டும் நம்புவது சரியாகாது. தொட்டியையும் கேன்களையும் லுமுட்டிலேயே நிரப்பிக்கொண்டு, பினாங்கிலும் லங்காவியிலும் கரைத்தண்ணீரை மீண்டும் நிரப்பி, வழியில் தப்பித்தவறி வரும் மழையைக் குளியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலுக்குப் பிறகு திரும்பி வரும்போது விரிப்பு தன் வேலையைச் செய்யும், அதுவரை இயந்திரத்துக்குக் காசு போட வேண்டியதில்லை.